கை எட்டாத கணினிகளின் பள்ளத்தாக்கு

கான்பெராவின் கடைசிக் குடியிருப்பைத் தாண்டியதும் சாலை ஒடுங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி. அதற்குப் பின்னால் யூகலிப்டஸ் காடு மூடிய மலைகள். 2024 அக்டோபர். தென்கோளத்துக்கு அது வசந்த காலம். பர்லி கிரிஃபின் ஏரிக்கரையில் துலிப் மலர்கள் பூத்திருந்ததால் ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கே திரண்டிருந்தது. நாங்கள் எதிர்த்திசையில் போனோம். காட்டர் சாலையில் மர்ரம்பிட்ஜி ஆற்றைக் கடந்து, பாடிஸ் ரிவர் சாலையில் திரும்பியபோது எதிரே ஒரு வண்டிகூட இல்லை. வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கங்காருக்கள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டன.

ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் அது தெரிந்தது. பச்சை மலைகளுக்கு நடுவே, வானத்தைப் பார்த்துச் சாய்ந்த வெள்ளைத் தட்டு ஒன்று. முதல் பார்வையில் அதன் அளவு பிடிபடவில்லை. அதன் அடியில் நின்றிருந்த ஒரு வேன் சின்னப் புள்ளியாகக் கண்ணில் பட்ட பிறகுதான் எனக்குள் ஒரு திடுக்கிடல் ஓடியது. அந்தத் தட்டின் விட்டம் 70 மீட்டர்.

கைபேசிகளை அணைத்துவிடுமாறு சொல்லும் பலகை வளாகத்துக்கு வெளியிலேயே நின்றது. அணைத்தோம். இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்த காரணமே இந்த அமைதிதான். சுற்றியுள்ள மலைகள் நகரத்தின் வானொலி இரைச்சலைத் தடுத்துவிடுகின்றன. வானத்திலிருந்து வருகிற மிக மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்க வேண்டியவர்களுக்கு, பார்வையாளரின் சட்டைப்பையில் இருக்கிற கைபேசியே பெரிய சத்தம்.

டிட்பின்பில்லா என்பது இந்தப் பகுதியின் பெயர். வளாகத்தின் பெயர் கான்பெரா ஆழ்விண்வெளித் தொடர்பு மையம். நாசாவுக்காக இதை நடத்துவது ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ. 1965-இல் திறக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட் அருகே உள்ள ரொப்லேதோ, பிறகு இந்த இடம்: உலக உருண்டையைச் சுற்றி ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்கள். பூமி சுழலச் சுழல ஒரு நிலையத்தின் வானத்திலிருந்து மறைகிற விண்கலம் அடுத்த நிலையத்தின் வானத்தில் எழுகிறது.

தொலைநோக்கிகளைத் தேடி நான் இங்கே வரவில்லை. இயங்குதளங்களின் மீது எனக்குத் தீராத ஆசை. ஒரு கணினி ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறி, மறுபடி விழித்தெழுகிற அந்த நிமிடம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். உலகத்திலேயே மிக நீண்ட தூரத்துக்கு மென்பொருள் மேம்படுத்தல்கள் புறப்படுகிற இடங்களில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு என்று படித்த நாளிலிருந்து, இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

முந்தைய இரவுதான், நண்பர் வீட்டு விருந்தினர் அறையில், என் மடிக்கணினியை விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றியிருந்தேன். சதவீத எண் மெல்ல ஏறியது. திரை இருண்டது, மீண்டும் ஒளிர்ந்தது, மறுபடி இருண்டது. காலையில் திறந்தபோது, இத்தனை ஆண்டுகளாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. சாளரங்களின் கூர்மையான முனைகள் வளைந்து மென்மையாகியிருந்தன. சாளரத்தைப் பெரிதாக்கும் பொத்தானின் மேல் சுட்டியை நிறுத்தினால், திரையை எப்படியெல்லாம் பங்கு போடலாம் என்று ஒரு சின்னப் படம் விரிந்தது. ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் அகராதி என்று வைத்துக்கொள்கிற எனக்கு அது உடனே உதவியது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99 அப்படியே இருந்தது. பாதி எழுதிய கட்டுரை விட்ட வரியிலேயே திறந்தது. அதைப் பார்த்ததும் உண்டான நிம்மதி பெரியது.

இன்னொன்றையும் கவனித்தேன். பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று அமைப்புப் பக்கம் சொன்னது. கணினி என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நடப்பதைத் திரையில் பார்க்க முடிகிறது. சிக்கினால் பொத்தானை அழுத்தி அணைக்கலாம். ஒத்துவராவிட்டால் திரும்பிப் போகலாம். இந்த வசதிகளில் எவையெல்லாம் இல்லாமல் ஒரு கணினியைப் புதுப்பிக்க முடியும் என்பதற்கு டிட்பின்பில்லா பதில் சொல்கிற இடம்.

நண்பரின் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். காரில் வரும்போதே இதைப் பற்றித்தான் பேச்சு. "மாமா, அங்க போய் யாரு ரீஸ்டார்ட் பண்ணுவா?" என்று கேட்டாள். நாள் முழுவதும் நான் அந்தக் கேள்வியோடுதான் நடந்தேன்.

பெரிய தட்டின் பெயர் டிஎஸ்எஸ் 43. பார்வையாளர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது வானத்தில் பாதியை மறைக்கிறது. 1973-இல் 64 மீட்டராகக் கட்டினார்கள். 1987-இல் 70 மீட்டராக விரித்தார்கள். தென்கோளத்தில் இதைவிடப் பெரிய, திருப்பக்கூடிய தட்டு வேறில்லை. 3,000 டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த அமைப்பு, ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி திரும்புகிறது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அது அசையாமல் இருப்பதாகவே நினைத்தேன். வேலிக் கம்பத்தோடு தட்டின் விளிம்பைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது நகர்ந்துகொண்டிருந்தது. பூமி சுழலும் வேகத்துக்கு எதிராக, வானத்தின் ஒரே புள்ளியைப் பிடித்தபடி, ஓசையில்லாமல்.

இந்தத் தட்டுக்கு மட்டுமே உரிய ஒரு பொறுப்பு உண்டு. 1977 ஆகஸ்ட் 20 அன்று கிளம்பிய வாயேஜர் 2, வியாழன், சனி, யுரேனஸ் என்று கடந்து 1989 ஆகஸ்டில் நெப்டியூனின் வட துருவத்துக்கு மேலாகப் பறந்தது. அந்தச் சந்திப்பு அதன் பாதையைத் தெற்கு நோக்கி வளைத்துவிட்டது. அன்றிலிருந்து அது கோள்களின் தளத்துக்குக் கீழே, தென்திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. வடகோள நிலையங்களின் வானத்தில் அது எழுவதில்லை. அதற்குக் கட்டளை அனுப்பும் வலுவுள்ள ஆன்டெனா பூமியில் ஒன்றே ஒன்றுதான். என் முன்னால் நின்றது அதுதான்.

நான் போன அந்த அக்டோபரில் வாயேஜர் 2 ஏறத்தாழ 2,050 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒளியின் வேகத்தில் போகும் கட்டளை அங்கே சேர 19 மணி நேரம். சேர்ந்தது என்ற பதில் வர இன்னொரு 19 மணி நேரம். மடிக்கணினித் திரையில் சதவீதம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன். இங்கே "நிறுவு" என்று சொல்லிவிட்டு ஒன்றரை நாளுக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

அந்தக் கலத்தில் இருப்பவை எப்படிப்பட்ட கணினிகள்? மூன்று வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு. கட்டளைகளைக் கவனிப்பது ஒன்று, தரவைக் கோத்து அனுப்புவது ஒன்று, கலத்தின் திசையைக் காப்பது ஒன்று. எல்லாவற்றின் நினைவகத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 70 கிலோபைட். நான் அணைத்து வைத்திருந்த கைபேசி எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஒவ்வொரு மேம்படுத்தலும் அதற்குள்தான் அடங்க வேண்டும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் எதையாவது எடுக்க வேண்டும்.

அந்த நெருக்கடியில் வாயேஜர் குழுவினர் செய்தவற்றைப் பார்வையாளர் கூடத்தில் நின்று நினைத்துப் பார்க்கும்போது மெய்சிலிர்த்தது. சனியைப் பார்ப்பதோடு முடிய வேண்டிய பயணம் அது. யுரேனஸ் நோக்கிப் போகும்போது இரண்டு தடைகள் வந்தன. சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில் வெளிச்சம், பூமியில் விழுவதில் சுமார் 370-இல் ஒரு பங்குதான். படம் எடுக்கக் கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும், வைத்தால் ஓடும் கலத்திலிருந்து எடுத்த படம் கலங்கும். அடுத்து, தூரம் கூடக் கூடத் தரவு அனுப்பும் வேகம் குறைந்துகொண்டே போகும்.

இரண்டுக்கும் மென்பொருளிலேயே மருந்து தேடினார்கள். கேமரா திறந்திருக்கும் நேரத்தில் கலத்தையே மெல்லத் திருப்பி இலக்கை நிலையாகப் பிடிக்கும்படி நிரல் எழுதி அனுப்பினார்கள். உதவிக்கென்று சும்மா இருந்த இரண்டாவது தரவுக் கணினிக்குப் படங்களைச் சுருக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் முழுதாக அனுப்பாமல், பக்கத்துப் புள்ளிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிற முறை. ஒரு படம் பாதிக்கும் குறைவான பிட்டுகளில் வந்து சேர்ந்தது. 1986 ஜனவரியில் யுரேனஸின் நிலவுகள் தெளிவாகத் தெரிந்ததற்கு, புறப்பட்டபோது அந்தக் கலத்தில் இல்லாத நிரல்களும் காரணம். அன்று இந்தப் பள்ளத்தாக்கின் தட்டோடு, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியையும் இணைத்துத்தான் அந்தச் சமிக்ஞைகளைக் கேட்டார்கள்.

கிளம்பியபோது இருந்ததைவிடத் திறமையான இயந்திரமாக அது யுரேனஸைச் சேர்ந்தது. இந்த ஒரு வரிக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கூடத்தின் ஒரு பக்கத்தில் திரை ஒன்று எந்தத் தட்டு எந்தக் கலத்தோடு பேசுகிறது என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாட்டு ஆன்டெனாக்களும் வரிசையாக நிற்க, பேச்சு நடக்கும் தட்டிலிருந்து அலைகள் ஏறி இறங்கின. 2017-இலிருந்து இங்கே ஒரு முறை நடப்பில் உள்ளது: எந்த நிலையத்தில் பகலோ அந்த நிலையம் மூன்றையும் சேர்த்து இயக்கும். நாங்கள் நின்றிருந்த அந்தப் பகல் பொழுதில், கலிஃபோர்னியப் பாலைவனத்திலும் ஸ்பானிய மலைச்சரிவிலும் இருக்கிற தட்டுகள்கூட இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் சொற்படி திரும்பிக்கொண்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் திரையைச் சுற்றி நின்று கலங்களின் பெயர்களை உரக்கப் படித்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிளம்பிய வாயேஜர் 2-உம் அதன் இரட்டைக் கலமான வாயேஜர் 1-உம் அண்மையில்தான் மறுபடி புதுப்பிக்கப்பட்டிருந்தன. 2022-இல் வாயேஜர் 1-இன் திசைக் கணினி குழம்பிய தகவல்களை அனுப்பத் தொடங்கியது. அது மறுபடி நேராமல் இருக்க ஒரு நிரல் ஒட்டு தயாரித்தார்கள். ஒட்டு தயாரானதும் அதை முதலில் யாரிடம் சோதிப்பது என்ற கேள்வி. மேலும் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1 அனுப்பும் தரவு அரியது என்பதால், வாயேஜர் 2-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 அக்டோபர் 20 அன்று ஒட்டு கிளம்பியது. 18 மணி நேரத்துக்கு மேல் பயணம். போய்ச் சேர்ந்த பிறகும் உடனே இயக்கவில்லை. நினைவகத்தில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் வாசித்துப் பார்ப்பது, பிறகு அக்டோபர் 28 அன்று அது வேலை செய்கிறதா என்று சோதிப்பது என்று திட்டம். கட்டளைகள் ஏற்கெனவே இருக்கும் நிரலின் மேல் தவறி எழுதிவிடக் கூடாதே என்ற கவனம்.

கவனம் இருந்தும் சறுக்கல்கள் வரும். அதே ஆண்டு ஜூலை 21 அன்று போன ஒரு கட்டளை, வாயேஜர் 2-இன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து இரண்டு பாகை விலக்கிவிட்டது. அந்த இரண்டு பாகையில் பேச்சே நின்றுபோனது. அக்டோபர் நடுவில் கலம் தானாகவே திசையைச் சரிசெய்துகொள்ளும்படி முன்பே நிரல் எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் அவர்கள் காத்திருக்கவில்லை. இந்த டிஎஸ்எஸ் 43 தன் முழு வலுவையும் திரட்டி, திரும்பி நில் என்ற கட்டளையைத் தொலைவை நோக்கிக் கூவியது. 37 மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, பதில் வந்தது.

பிறகு வாயேஜர் 1-இன் கதை. 2023 நவம்பரிலிருந்து அது அனுப்பியது எதுவும் வாசிக்கிற நிலையில் இல்லை. மாதக் கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார்கள்: தரவுக் கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு செத்துவிட்டது. அந்தக் கணினியின் நினைவகத்தில் சுமார் 3 சதவீதம். போய் மாற்ற முடியாது. அந்தச் சில்லில் இருந்த நிரலை முழுதாக எடுத்து வைக்க வேறெங்கும் ஒரே இடமாகக் காலியில்லை. எனவே நிரலைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடுக்குகளில் எல்லாம் வைத்து, ஒரு துண்டு இன்னொரு துண்டைத் தேடும் முகவரிகளையெல்லாம் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு கிளம்பியது. போக இருபத்திரண்டரை மணி, திரும்ப இருபத்திரண்டரை மணி. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு, கலத்தின் உடல்நிலை வாசிக்கத் தக்க எழுத்தாக வந்தது. ரீஸ்டார்ட் செய்தது யார் என்று கேட்ட பெண்ணுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அவங்க கணக்குப் போட்டே கை நீட்டுறாங்களா?" என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மதியம் வளாகத்தின் சிற்றுண்டிக் கடை வராந்தாவில் உட்கார்ந்தோம். மூன்று 34 மீட்டர் தட்டுகள் அங்கிருந்து தெரிந்தன. ஓய்வுபெற்ற 26 மீட்டர் தட்டு ஒன்றும் நிற்கிறது; 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த முதல் காட்சி உலகுக்கு அதன் வழியாகத்தான் போனது. அப்போது அது ஹனிசக்கிள் கிரீக் என்ற இடத்தில் இருந்தது; பின்னர் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 2009-இல் ஓய்வு கொடுத்தும் அதைக் கழித்துப் போடவில்லை. பேணி, வந்தவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

செவ்வாயில் இருக்கும் கணினிகளின் கதை இன்னும் நம் மேசைக்கு அருகில் வருகிறது. 2012 ஆகஸ்ட் 6 பிற்பகல், கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய செய்தியைப் பெற்றது இந்தப் பள்ளத்தாக்கு. அதன் கணினியில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. 256 மெகாபைட் நினைவகம், இரண்டு கிகாபைட் சேமிப்பு. இவ்வளவுதான் இருப்பதால், தரையிறங்கத் தெரிந்த மென்பொருளையும் தரையில் ஓடத் தெரிந்த மென்பொருளையும் ஒன்றாக இயக்க வழியில்லை. இறங்கிய வேலை முடிந்ததும், நான்கு நாள் எடுத்து, இறங்கும் அறிவை விலக்கி, ஓடும் அறிவையும் கையை நீட்டும் அறிவையும் அமர்த்தினார்கள். மூளை மாற்று அறுவை என்று அந்தக் குழுவே அதை அழைத்தது.

ஊர்தியில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று பொறுப்பில் இருக்கும்போது மற்றது துணை. புதியது உறுதியாக நிலைபெறும்வரை பழையது கைவிடப்படுவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் கோயில் திருப்பணிதான் நினைவுக்கு வந்தது. கருவறையில் கல்லை எடுத்து மாற்றுவதற்கு முன் பாலாலயம் அமைத்து, சாந்நித்தியத்தை அங்கே எழுந்தருளச் செய்து, வழிபாடு ஒரு வேளையும் நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடிந்து குடமுழுக்கு ஆனபின் மூலத்தானத்துக்குத் திரும்பும். தெய்வம் அதே தெய்வம். கட்டடம் மட்டும் புதுவலுப் பெறுகிறது. புதுப்பித்தல் என்றால் இருப்பதன் தொடர்ச்சியை அறுக்காமல் செய்வது என்ற எண்ணம் நமக்கு அன்னியமானதில்லை.

2023 ஏப்ரலில் கியூரியாசிட்டிக்கு இன்னொரு பெரிய மேம்படுத்தல் போனது. அதற்கான திட்டம் 2016-இலேயே தொடங்கியிருந்தது. ஏப்ரல் 3 முதல் 7 வரை ஆய்வுகளை நிறுத்திவைத்து நிறுவினார்கள். சுமார் 180 மாற்றங்கள். அதுவரை ஊர்தி ஓடும்போது வழியைப் படமெடுத்து, நின்று, யோசித்து, மறுபடி நகரும். புதிய மென்பொருள் படங்களை விரைவாகப் புரிந்துகொள்வதால் நிற்கும் நேரம் குறைந்தது; அதே சக்தியில் கூடுதல் தூரம் போக முடிந்தது. கூர்மையான கற்களில் கிழிந்துவந்த அலுமினியச் சக்கரங்களின் தேய்மானத்தைக் குறைக்கவும் மாற்றங்கள் இருந்தன. புதிய சக்கரம் அனுப்ப முடியாது. ஆனால் இருக்கும் சக்கரத்தைக் கனிவாக உருட்டச் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தைப் பற்றியும் நண்பருக்குச் சொன்னேன். 2003-இல் கிளம்பிய அந்தக் கலத்தில், செவ்வாயின் நிலத்தடியில் நீரைத் தேடும் ராடார் கருவி இருக்கிறது. அதன் மென்பொருள், விண்டோஸ் 98 காலத்து உருவாக்கச் சூழலில் எழுதப்பட்டது. 2022-இல் அதைப் புதுப்பித்தார்கள். தேவையில்லாத தரவைக் கழித்துவிடுவதால், கருவியை முன்பைவிட ஐந்து மடங்கு நேரம் இயக்க முடிகிறது. நாம் 98-ஐ மறந்து, எக்ஸ்பி, 7, 10 என்று தாண்டி வந்துவிட்டோம். செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த மென்பொருளை மறக்காதவர்கள் சிலர் இருந்தார்கள்.

நம் மேசைக்குத் திரும்பினால், விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற காரணத்தை நான் மதிக்கிறேன். இணையத்தில் இணைந்திருக்கும் கணினிக்கு வரும் ஆபத்துகள் விண்வெளியில் தனியாகப் போகும் கணினிக்கு வருவதில்லை. ஆனாலும் திரை நன்றாக ஒளிர்ந்து, விசைகள் எல்லாம் அழுந்தி, பிள்ளைகள் பாடம் படிக்கப் போதுமான வலுவோடு இருக்கும் ஒரு கணினி, மேம்படுத்தலின் வாசலில் நிறுத்தப்படுவதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 1977-இல் கிளம்பிய 70 கிலோபைட் கணினிக்கு 2023-இல் புது நிரல் எழுத ஆள் இருக்கிறார்கள். எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினிக்கும் அந்த மாதிரி மனம் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தைச் சுற்றி வேலை செய்யும் தன்னார்வலர்கள் பழைய கணினிகளுக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்துவருவது இந்த மனத்தினால்தான்.

மேம்படுத்தும் வேலைக்கு ஆயுதமாக இருப்பது புதிய அறிவு மட்டுமில்லை. வாயேஜர் குழுவினர் ஒரு சிக்கலைத் தீர்க்கப் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய ஆவணங்களைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் இன்றைய சிக்கலைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் எது எங்கே இருக்கிறது, ஏன் அப்படி வைத்தோம் என்று எழுதிவைத்தார்கள். கூடவே, பின்னால் வருகிறவர் உள்ளே நுழைந்து மாற்றும்படி ஒரு வழியைத் திறந்து விட்டார்கள். அந்த இரண்டும் இல்லையென்றால் 70 மீட்டர் தட்டால் செய்வதற்கு எதுவுமில்லை.

அந்தத் தட்டுமே தன் முறை வந்தபோது புதுப்பிக்கப்பட்டது. 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை அது வேலையை நிறுத்தியது. பல பத்தாண்டு உழைத்த அதன் ஒலிபரப்புக் கருவிகளை மாற்றினார்கள். அத்தனை மாதமும் வாயேஜர் 2 பேசுவதைச் சிறிய தட்டுகள் கேட்டன. பதில் சொல்லத்தான் யாருமில்லை. 2020 அக்டோபர் 29 அன்று, வேலை முடியுமுன்னே, ஒரு சோதனை அழைப்பு அனுப்பினார்கள். 34 மணி 48 நிமிடம் கழித்து, கேட்டது என்று கலம் சொன்னது.

நான் அங்கே போவதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 26 அன்று, வாயேஜர் 2-க்கு இன்னொரு கட்டளை போயிருந்தது. பிளாஸ்மாவை அளக்கும் கருவியை அணைத்துவிடு என்ற கட்டளை. கலத்தின் அணுமின்கலம் ஆண்டுக்கு நான்கு வாட் அளவில் நலிந்துகொண்டே வருகிறது. ஒரு கருவியை நிறுத்தினால் மற்றவை சில காலம் கூடுதலாக வாழும். 2030-களிலும் ஒரு கருவியாவது வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வாட்டையும் எண்ணிச் செலவழிக்கிறார்கள். பல ஆண்டு அந்தக் கருவியின் தரவோடு வாழ்ந்த அறிவியலாளர்களுக்கு அது எளிய முடிவாக இருந்திருக்காது.

மேம்படுத்தல் என்றால் கூட்டிக்கொண்டே போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொத்தான் நடுவுக்கு வருவதும் முனைகள் வளைவதும் எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகின்றன. புதுமைக்கு உரிய அந்தக் குதூகலத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் டிட்பின்பில்லாவைப் பார்த்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. ஒரு புதிய பதிப்பு வரும்போது, அது எனக்கு என்ன புதிதாகத் தருகிறது என்பதோடு, ஏற்கெனவே இருப்பதில் எதன் ஆயுளை நீட்டுகிறது என்றும் கேட்கிறேன். வாங்குகிற நாம் எல்லாரும் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டால், செய்து தருகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடியாத காரியத்தை யாரிடமும் கேட்கவில்லை. முடியும் என்பதற்கான சான்று, 2,050 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், நொடிக்கு 160 பிட் வேகத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.